லயத்துக்கு வந்த சீன அரண்மனை

1793ஆம் ஆண்டு மக்கார்ட்னி பிரபு என்ற பிரிட்டிஷ் தூதர், சீனப் பேரரசர் சியான்லோங்கைப் பார்க்கப் போனார். சீனத் தேயிலைக்காக இங்கிலாந்து வெள்ளியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பதிலுக்குத் தன் பொருள்களை அங்கே விற்க வழி தேடிய பிரிட்டன், இன்னும் சில துறைமுகங்களைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டது. உங்கள் சரக்கு எங்களுக்கு வேண்டியதில்லை என்று பேரரசர் மறுத்து அனுப்பிவிட்டார். ஆனால் மக்கார்ட்னி வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்தப் பயணத்திலேயே தேயிலைச் செடிகளைச் சேகரித்து வங்காளத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்தச் சியான்லோங்கின் வீட்டு விவகாரங்களைத்தான் இன்று பொகவந்தலாவைத் தோட்டங்களில் கைபேசியில் பார்க்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி, மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, எல்லாம் முடிந்தபின் கிடைக்கிற கொஞ்ச நேரம் அந்த அரண்மனைக்குப் போகிறது. பீங்கான் கிண்ணத்தில் தேநீரை ஏந்திக்கொண்டு பேரரசியின் முன் மண்டியிடும் பணிப்பெண்ணைக் காம்பறாவில் பாயில் உட்கார்ந்து பார்க்கிற பெண்ணுக்குச் சீன மொழி தெரியாது. சீனாவின் வரைபடம்கூட அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்தப் பணிப்பெண் எதற்காகக் கண்ணைத் தாழ்த்துகிறாள், எந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்கப்போகிறாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சீன வரலாற்றுத் தொடர்கள் சீனாவுக்கு வெளியே இத்தனை பேரைப் பிடித்து இழுப்பது ஏன் என்று கேட்டால், பட்டாடை, வாள்வீச்சு, மலர் உதிரும் மரம், அழகான முகங்கள் என்று பதில் வரும். அவையெல்லாம் உண்மைதான். என் எண்ணத்தில் அவை வாசற்படி மட்டுமே. உள்ளே இருப்பது வேறு: அடுக்கடுக்கான அதிகாரத்தின் அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சிறிய ஆள், கைத்தொழிலையும் நாவடக்கத்தையும் நினைவாற்றலையும் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறாள் என்ற கதை. இதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

உலகம் தேடிய பணிப்பெண்

2018 ஜூலையில் ஐசியி என்ற சீன இணையத் தளத்தில் 'யான்ஷி அரண்மனையின் கதை' வெளியானது. 70 பகுதிகள். 1741ஆம் ஆண்டு, வெய் யிங்லுவோ என்ற பெண் தையல் வேலைக்காரியாகப் பெய்ஜிங்கின் அரண்மனைக்குள் நுழைகிறாள். அங்கே வேலை செய்த அக்கா செத்துப்போனது எப்படி என்பதைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறாள். ஊசி பிடிக்கும் கையோடு உள்ளே வந்தவள் படிப்படியாக மேலேறிப் பேரரசரின் துணைவியாகிறாள். அந்த ஆண்டு உலக அளவில் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடர் இதுதான். சீனாவுக்குள் கூகுள் முடக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தேடியவர்கள் வெளியே இருந்தவர்கள்: சிங்கப்பூரில், மலேசியாவில், புரூணையில், இன்னும் பல இடங்களில்.

அதற்கு முன்பே வழி போட்டவள் ஜென் ஹுவான். 2011இல் வந்த 76 பகுதித் தொடரின் நாயகி. அந்த வேடத்தில் நடித்த சுன் லி 2013இல் சர்வதேச எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2015இல் அதையே ஆறு படங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம் என்று அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. சுருக்கியதில் கதை தப்பியது, உயிர் போனது. ஒரு தேநீர்க் கிண்ணத்தை யார் முதலில் எடுப்பது என்பதற்காக முழு அறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரத்தை வெட்டிவிட்டால் இந்தத் தொடர்களில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

2019இல் வந்த 'சென் சிங் லிங்' தொடர் தாய்லாந்தை ஆட்டிவைத்தது. அதன் நடிகர்கள் அந்த ஆண்டே பாங்கொக் போய் இரசிகர்களைச் சந்தித்தார்கள். அது மந்திர தந்திரம் கலந்த கற்பனைக் கதை. சீனச் 'சரித்திரத் தொடர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பாதி இப்படித்தான்: உடை பழையது, நாடு கற்பனை.

மலையேறி வந்த வழி

அயல்நாட்டுப் பழங்கதைத் தொடர் மலையகத்துக்குப் புதியதில்லை. 1982இல் ஜப்பானின் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினி, ஜப்பானியத் தொடரான 'ஒஷின்'னைச் சிங்களத்தில் காட்டியது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் பிள்ளை தூக்கும் வேலைக்கு அனுப்பப்படும் சிறுமி அவள். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாதம் எண்ணிய தாய்மார்கள் நிறைந்த தோட்டங்களில் அந்தக் கதை எப்படி இறங்கியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 2012, 2013 காலத்தில் கொரியாவின் 'டே ஜாங் கும்', 'சுஜாத தியணி' என்ற பெயரில் வந்தது. அரண்மனைச் சமையல்கட்டில் சேரும் அநாதைப் பெண், பழி சுமந்து வெளியேறி, மருத்துவம் படித்து, அரசரின் வைத்தியராகத் திரும்பி வருகிறாள். இலங்கை முழுவதும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தது. தோட்டத்து மக்களும் அதைச் சிங்களத்திலேயே பார்த்தார்கள்.

கொரிய அரண்மனை திறந்த கதவு வழியாகத்தான் சீன அரண்மனை வந்தது. ஆனால் இந்த முறை தொலைக்காட்சி நிலையம் இடையில் இல்லை. டென்சென்ட் நிறுவனத்தின் வீடிவியும் ஐசியியும் நேராகக் கைபேசிக்கு வந்தன. இந்திய அரசு 2020 நவம்பரில் வீடிவி உட்பட 43 செயலிகளைத் தடைசெய்தது. இலங்கையில் அப்படித் தடை எதுவும் வரவில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் சுற்றுவழியில் தேடிப் பார்ப்பதைப் பொகவந்தலாவையில் இருப்பவர் நேர்வழியில் பார்க்கலாம். எழுத்து ஓடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதுதான் தடை.

அந்தத் தடையைத் தாண்ட வைத்தவர்கள் யூடியூபில் தமிழில் கதை சொல்கிறவர்கள். 40 பகுதி, 70 பகுதித் தொடரை எடுத்து, காட்சிகளை ஓடவிட்டு, மேலே தங்கள் குரலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சீனப் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் எல்லாரும் 'நம்ம ஹீரோயின்', 'நம்ம ஹீரோ', 'ராஜாவோட அம்மா', 'அந்த வில்லி' ஆகிவிடுவார்கள். பாத்திரம் அழுவதற்கு முன்பே கதைசொல்லி இரங்குகிறார். வில்லி விஷம் கலக்கும்போது திட்டுகிறார். கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலை இதுவேதான். ராஜா வருவதற்கு முன் வந்து, ராஜா யார் என்று சொல்லி, பார்க்கிறவர்கள் பக்கம் நின்று பேசுகிறவன் அவன். முழுத் தொடரையும் பார்ப்பதற்கு இது ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் குரல் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தை வேகமாகப் படிக்க முடியாத ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இந்த உலகமே கிடைத்திராது.

படிக்கட்டு

சிங் வம்சத்து அந்தப்புரத்தில் பெண்களுக்கு எட்டுப் படிகள். கீழ்ப்படியில் தாயிங், அடுத்து சாங்சாய், அதற்கு மேல் குய்ரென். இந்த மூன்றுக்கும் எண்ணிக்கை வரையறை கிடையாது. அதன் பிறகு வாசல் குறுகுகிறது: பின் ஆறு பேர், ஃபெய் நால்வர், குய்ஃபெய் இருவர், ஹுவாங்குய்ஃபெய் ஒருத்தி, உச்சியில் பேரரசி. ஒவ்வொரு படிக்கும் இத்தனை பணிப்பெண்கள், இவ்வளவு துணி, இவ்வளவு இறைச்சி, குளிர்காலத்துக்கு இவ்வளவு கரி என்று கணக்கு உண்டு. யார் எங்கே உட்காரலாம், யாருக்கு யார் எழுந்து நிற்க வேண்டும், எந்தக் கொண்டை ஊசியை யார் குத்தலாம் என்பதெல்லாம் சட்டம். இந்தத் தொடர்களின் பெரிய போர்கள் கரிமூட்டையிலும் கொண்டை ஊசியிலும்தான் தொடங்குகின்றன.

தோட்டத்தில் பிறந்தவர் யாராவது இதைக் கேட்டு விழிப்பாரா? பங்களாவில் பெரிய துரை. அடுத்து சின்னத்துரை. பிறகு பெரிய கிளாக்கர், டீமேக்கர், கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி. ஒவ்வொருவருக்கும் வீடு வேறு, வீட்டின் உயரம் வேறு, எதிரில் வரும்போது எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்பதும் வேறு. ஒரு காலத்தில் துரையின் குதிரை வரும் பாதையில் குடை பிடிக்கவோ தோளில் துண்டு போடவோ முடியாது என்று நம் தாத்தாக்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நல்ல மலையில் எந்த நிரை கிடைக்கும் என்பது கங்காணியின் முகத்தைப் பொறுத்தது. துரை இன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது பங்களா அப்புவுக்கு முதலில் தெரியும்; அவர் வழியாகத்தான் பெரட்டுக்களத்துக்கு வரும்.

ஆகவே பேரரசரின் முகக்குறியைப் படித்து எசமானியை எச்சரிக்கும் அரண்மனை வேலையாட்களைப் பார்க்கும்போது நமக்கு அந்நியம் தோன்றுவதில்லை. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்ல முடியாத இடத்தில் சுற்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதைக் கேளாதது போல இருக்கத் தெரிய வேண்டும். நெஞ்சில் எரிவதை முகத்தில் காட்டாமல் நாள் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பில் நம் பாட்டிமார் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் இரசிகர் இதை 'உத்தி' என்று இரசிக்கலாம். நமக்கு அது வீட்டுக்குள் நடந்த வாழ்க்கை.

கைத்தொழில் உள்ள நாயகிகள்

இன்னொன்றை நான் இதைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். நாம் மாலை ஆறு மணியிலிருந்து பார்க்கும் தமிழ்நாட்டுத் தொடர்களில் நாயகி என்ன வேலை செய்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அழுகிறாள், சதிக்கு ஆளாகிறாள், பட்டுச்சேலையோடு சமையலறையில் நிற்கிறாள். அவள் கை எதையும் செய்து முடிப்பதை நாம் பார்ப்பதில்லை. சீனத் தொடரில் வெய் யிங்லுவோவின் தையல்தான் அவளைக் காப்பாற்றுகிறது. நூல் இழை பிரிப்பதையும் பட்டுநூலில் பூ முறுக்குவதையும் நின்று நிதானமாகக் காட்டுகிறார்கள். 2018இன் கடைசியில் வந்த மிங்லான் கதையில் நாயகி கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தன் வீட்டையும் நிலத்தையும் மீட்கிறாள்.

தேயிலைக்காரர்களான நாம் தவறவிடக்கூடாத தொடர் 2022இல் வந்த 'மெங் ஹுவா லு'. ஜாவ் பானர் என்ற பெண் சாங் காலத்தில் தேநீர்க்கடை நடத்துகிறவள். தலைநகருக்குப் போய், தோழியர் இருவரோடு சேர்ந்து கடை போட்டு, கடையைப் பெரிதாக்குகிறாள். தேயிலையை மாவாக அரைத்து, மூங்கில் மத்தால் நுரைவரக் கடைந்து, அந்த நுரைமேல் ஓவியம் வரையும் கலையைப் போட்டியாகவே காட்டுகிறார்கள். ஹுய்சோங் என்ற சாங் பேரரசர் 1107இல் தேநீரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். தொடர் வந்த அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் மரபுவழித் தேயிலைத் தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையும் வலியும் சேர்ந்தே வந்தன. பொகவந்தலாவையைத் 'தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு' என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். கெஹெல்கமு ஓயாவின் இரு பக்கமும் எட்டும் தூரம்வரை தேயிலைதான். அங்கே கொழுந்தெடுக்கும் கையின் வேகத்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் நுனிவிரலில் ஒடிக்கும் அந்த நுட்பத்தை யாரும் கலை என்று படம் பிடித்ததில்லை. கிலோ என்று மட்டும் நிறுத்தார்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது, அதுவும் நீண்ட இழுபறிக்குப் பிறகு. நல்ல இலை கொழும்பு ஏலத்துக்குப் போக, லயத்தில் தூள் தேயிலையில் வெறுந்தேத்தண்ணி. தேநீர் போடுகிற பெண்ணை நாயகியாக்கி நாற்பது பகுதி எடுக்கிறது ஒரு நாடு. கொழுந்தெடுக்கிற பெண்ணை நாம் நாற்பது நிமிடமாவது நாயகியாக்கியிருக்கிறோமா?

அந்தப் பெய்ஜிங் கிண்ணத்துக்கும் இந்த மலைக்கும் இடையே உள்ள வழியையும் சொல்லியாக வேண்டும். சியான்லோங் கதவை மூடிய பிறகு பிரிட்டன் தேயிலைக்குக் கொடுத்த வெள்ளியை அபின் விற்று மீட்டது. சீனா அபினைத் தடுத்தபோது 1839இல் போர் வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில், 1848இல், கிழக்கிந்தியக் கம்பெனி ரொபர்ட் ஃபோர்ச்சூன் என்ற தாவரவியலாளரை அனுப்பியது. தலையை மழித்து, பின்னல் வைத்து, சீன உடை உடுத்தித் தேயிலை விளையும் உள்நாட்டுக்குள் புகுந்த அவர் ஆயிரக்கணக்கான நாற்றுகளையும் கைதேர்ந்த தொழிலாளர்களையும் இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியது. கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம்மவர்கள் தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் சந்தையில் சீனத் தேயிலையின் இடத்தை இந்தியாவும் இலங்கையும் பிடித்துவிட்டன. சீனாவிடம் வாங்க வேண்டாம் என்று பிரிட்டன் எடுத்த முடிவின் மறுமுனையில் நிற்பவர்கள் நாம்.

இந்தத் தொடர்களில் பெரும்பகுதி எடுக்கப்படும் ஹெங்தியான் படப்பிடிப்பு நகரம் பிறந்ததும் இதே கதையால்தான். ஷே ஜின் என்ற இயக்குநர் 'அபின் போர்' படம் எடுக்க 1996இல் ஜெஜியாங் மாகாணத்தில் பழைய குவாங்சோவின் தெருக்களைக் கட்டினார்கள். தேயிலை கப்பலேறிய ஊர் அது. அதன் பிறகுதான் ஹெங்தியானில் அரண்மனைகள் எழுந்தன.

நம்மிடமும் அரசர்கள் இருந்தார்கள்

சரித்திரக் கதையை விடியவிடிய உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் மலையகத்துக்குக் கைபேசி கொடுத்ததில்லை. மாசியில் பிறை பார்த்துக் காமன் ஊன்றி, ரதியும் மதனும் ஆடி, சிவன் நெற்றிக்கண் திறந்து மதன் எரியும்வரை தப்பு ஓயாது. அருச்சுனன் தபசில் மரமேறிய அருச்சுனன் கீழே நிற்கும் மக்களுக்கு எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். பொன்னர் சங்கரில் அண்ணன்மார் வீழ்ந்த செய்தி கேட்டுத் தங்காள் புலம்பும்போது களத்தைச் சுற்றியிருக்கும் கூட்டமே சேர்ந்து அழும். பகலில் மண்வெட்டி பிடித்தவர் இரவில் கிரீடம் வைத்துக்கொள்வார். காலையில் பெரட்டுக்கு நேரமானதும் கிரீடம் பெட்டிக்குள் போகும்.

பொன்னர் சங்கரை இரசித்த கூட்டத்துக்குச் சீனத் தொடரின் இலக்கணம் கைவந்ததுதான். அண்ணன் தம்பிப் பாசம், கொடுத்த வாக்குக்காக உயிர் விடுவது, பங்காளித் துரோகம், தங்கையின் முன்னுணர்வு எல்லாமே அங்கேயும் இருக்கின்றன. நீளமான தொடரும் நமக்குப் பயமில்லை. ஏழு நாள், பத்து நாள் கூத்து பார்த்தவர்கள் நாம்.

பொகவந்தலாவையில் இன்னொரு சாட்சியும் உண்டு. புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகின் முதல் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். இங்கிலாந்தில் இருந்தபோது 1874, 1875இல் ஆர்தர் அரசனின் கதைக்காக உற்றார் உறவினருக்கு அரச உடை உடுத்திப் படங்கள் எடுத்தார். அவருடைய வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் அவர் கமராவின் முன் மாதாவாகவே நின்றிருக்கிறாள். இன்றைய சரித்திரத் தொடர்களின் ஆதி வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: சாதாரண முகத்துக்குப் பழங்கால உடை கொடுத்து, அதில் மேன்மையைக் கண்டுபிடிப்பது. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்த கேமரன் 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். இங்கேயும் ஊழியர்களையும் கிராமத்தவர்களையும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். மேரி ஹில்லியர் வரலாற்றில் பெயரோடு இருக்கிறாள். நம்மவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள்.

எங்கே நான் விலகுகிறேன்

இந்தத் தொடர்களை நான் விரும்புகிறேன். ஆனால் அவை சொல்வதையெல்லாம் ஏற்க முடியாது. பெரும்பாலான அரண்மனைக் கதைகளில் அநியாயத்துக்கு மருந்து ஒன்றுதான்: பேரரசரின் கண்ணில் பட வேண்டும். சுற்றியிருப்பவர்கள் கெட்டவர்கள், உச்சியில் இருப்பவர் உண்மை தெரியாதவர், தெரிந்தால் நீதி செய்வார். இந்த நம்பிக்கை தோட்டத்தில் நம்மை எவ்வளவு காலம் கட்டிப்போட்டது! கங்காணிதான் கொடுமைக்காரன், துரை நல்ல மனுசன் என்று எத்தனை தலைமுறை சொன்னது! கங்காணியையும் பற்றுக்கணக்கையும் வைத்து ஆட்டியவர் பங்களாவில் இருந்தார் என்பது தொழிற்சங்கம் வந்த பிறகுதான் வெளிச்சமானது.

2018இல் யான்ஷி அரண்மனையோடு 'ருயி'யின் கதையும் 87 பகுதிகளாக வந்தது. இரண்டும் அதே சியான்லோங்கின் அந்தப்புரம். ஒன்றில் நாயகியாக வரும் வெய் குடும்பத்துப் பெண் மற்றதில் கொடிய வில்லி. வரலாற்றில் அவள் அடுத்த பேரரசரின் தாய் என்பது உறுதி. அவள் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டையும் பார்த்தவருக்கு ஒரு பாடம் கிடைக்கும்: கதை யார் பக்கமிருந்து சொல்லப்படுகிறதோ அவர்தான் நல்லவர்.

சீன அதிகாரத்துக்கும் இந்தத் தொடர்கள் முழுக்கப் பிடித்தவை அல்ல. 2019 ஜனவரியில் 'பெய்ஜிங் டெய்லி' நாளேடு அரண்மனைத் தொடர்களைக் கண்டித்தது. ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன, பேரரசர்களைப் புகழ்ந்து இன்றைய வீரர்களை மறைக்கின்றன என்றது. உடனே பல அலைவரிசைகள் மறுஒளிபரப்பை நிறுத்தின. ஆகவே இவற்றை வெறும் சீன அரசின் பிரசாரம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையும் கடனையும் பற்றி நமக்கிருக்கும் கேள்விகள் அப்படியே இருக்கட்டும். வெய் யிங்லுவோவுக்காக அழும் பெண் அந்தக் கேள்விகளை விட்டுக்கொடுத்துவிடவில்லை.

மறுவிசாரணை

எல்லாத் தொடர்களிலும் என் மனத்தில் முதலிடம் 2015இல் வந்த 'லாங்யா பாங்' தொடருக்கு. 54 பகுதிகள், நாயகனாக ஹு கே. எழுபதாயிரம் வீரர்கள் கொண்ட ஒரு படை துரோகப் பழி சுமத்தப்பட்டு அழிக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்த இளைஞன் ஒருவன் முகமும் உடலும் மாறி, நோயாளியாக, வேறு பெயரில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தலைநகருக்கு வருகிறான். அவன் வாள் எடுக்கவில்லை. அரியணையும் கேட்கவில்லை. அந்த வழக்கை எல்லோர் முன்னிலையிலும் திரும்ப விசாரித்து, இறந்தவர்களின் பெயரைத் துலக்கி எழுத வேண்டும் என்பது மட்டுமே அவன் கோரிக்கை. பேரரசரின் பிறந்தநாள் விருந்தில் ஒரு பெண் எழுந்து ஒப்புதல் வாக்குமூலத்தைப் படிக்க, அவையில் ஒவ்வொருவராக மறுவிசாரணை கேட்டு முன்வரும் காட்சியை நான் பார்த்தபோது மலையக மக்களைத்தான் நினைத்தேன். இங்கே தீர்வு பேரரசரின் கருணையால் வரவில்லை. அவர் மறுக்க முடியாத நிலையை மற்றவர்கள் சேர்ந்து உண்டாக்குகிறார்கள்.

நம் வழக்கும் அதுவே. 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை போனது. 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். அட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். 2023இல், நம்மவர்கள் இங்கே வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் கேட்டதும் அந்த அங்கீகாரத்தைத்தான்.

நாடகத்துக்கு வேண்டிய கதைகள் குவிந்து கிடக்கின்றன. கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழைய முடியாமல் புடவை வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குப் போனார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவர் பேசுவதற்கு முன் மேடையில் பாடியவர் மனைவி மீனாட்சி அம்மாள். பாடல்களை 1940இல் நூலாகவும் போட்டார். கடன் தீர்த்த சான்றாகத் துண்டு இல்லாமல் ஒருவன் அடுத்த தோட்டத்தில் கால்வைக்க முடியாத முறை 1921வரை இருந்தது. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரச் சின்னத்துரையைத் தொழிலாளர் பக்கம் பேசியதற்காக நாடுகடத்த உத்தரவானது. ஒளிந்திருந்து, நீதிமன்றத்தில் வென்றார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். மாறுவேடம், சிறைப்படுத்திய கடன், விலகிவந்த எசமான், தியாகம் என்று சீன எழுத்தாளர் கற்பனையில் தேடுவதெல்லாம் நம் வரலாற்றில் ஆண்டோடும் ஊரோடும் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து இது வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 2022இல்தான் திரைக்கு வந்தது. அரண்மனை கட்டும் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் நமக்கு அரண்மனை தேவையுமில்லை. லயமும் மடுவமும் பங்களாவும் பெரட்டுக்களமும் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. நேத்ராவும் சக்தியும் வசந்தமும் வெளிநாட்டுத் தொடரை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நடேசய்யரையும் மீனாட்சி அம்மாளையும் பற்றிப் பத்துப் பகுதியாவது எடுக்க வேண்டும். சீனத் தொடரைத் தமிழில் கதையாகச் சொல்லும் இளைஞர்களுக்கும் அதே வேண்டுகோள்: அந்தக் குரலில் நம் கதை ஒன்றையும் சொல்லுங்கள்.

1964இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரம் ஒருநாள் தொடரை நிறுத்திவிட்டு அந்தக் கைபேசியிலேயே அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். யார் கோச்சியில் போனார்கள், யார் நின்றார்கள், பெயர் என்ன என்று கேளுங்கள்.